ஒதுக்கிய சட்டமும் காக்கும் சட்டமும்

(லெம்பா பெர்த்தாம் வட்டார மூத்தோருக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவரும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனைத் தாள்களையும் அரசாங்க அறிவிப்புகளையும் சட்ட விளக்கங்களையும் மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒரு சொல் மாறினால் ஒரு மனிதரின் நிலைமையே மாறிப்போவதை அந்த வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இன்று இந்தத் தலைப்பில் பேச ஒப்புக்கொண்டேன்.

சுகாதாரக் கூட்டத்தில் சட்டத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோலில் ஒரு தேமல், கையில் ஒரு மரமரப்பு, வாரக்கணக்கில் நிற்காத இருமல், தூக்கம் கெட்டு மனம் இருண்டு கிடப்பது என்று எது வந்தாலும், நம்மில் பலர் முதலில் பயப்படுவது நோய்க்கு இல்லை. "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்பதற்குத்தான். அந்தப் பயத்தால் கிளினிக்குக்குப் போவது தள்ளிப்போகிறது. மாத்திரையில் குணமாகியிருக்க வேண்டிய நோய், விரலையோ பார்வையையோ பறித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதைப் போக்கச் சட்டம் என்ன செய்திருக்கிறது, சட்டத்தால் முடியாதது எது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இரண்டு சொற்கள்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று தப்பெண்ணம். மற்றது பாகுபாடு.

தப்பெண்ணம் மனத்துக்குள் இருப்பது. "அந்த வீட்டில் சீக்கு இருக்கிறது, அங்கே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது" என்று ஒருவர் மனத்தில் நினைப்பது தப்பெண்ணம். பாகுபாடு வெளியில் செய்வது. அதே காரணத்தைச் சொல்லி அந்த வீட்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்துவதும், அவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும், பேருந்தில் ஏறவிடாமல் தடுப்பதும் பாகுபாடு.

சட்டம் பிடிப்பது இரண்டாவதை. ஒருவர் மனத்தில் என்ன நினைக்கிறார் என்று எந்த நீதிமன்றமும் அழைப்பாணை அனுப்ப முடியாது. அவர் என்ன செய்தார் என்றுதான் கேட்க முடியும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது.

சட்டமே ஒதுக்கிய காலம்

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். குட்டம், குஷ்டம், பெருநோய், பெருவியாதி என்று நம் பெரியவர்கள் பல பெயர்களில் சொன்ன தொழுநோய். மலாயில் 'கூஸ்தா' என்பார்கள். நாம் சொல்லும் குஷ்டமும் அவர்கள் சொல்லும் கூஸ்தாவும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. பெயரைப் போலவே பயமும் எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருந்தது.

1926ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களில் தொழுநோயாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், நம்முடைய பகாங் ஆகிய நான்கும் அந்த மாநிலங்கள். அந்தச் சட்டப்படி, நோய் கண்டவரைக் கட்டாயமாகப் பிரித்து அடைத்து வைக்கலாம். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் குடும்பத்தை விட்டும் ஊரை விட்டும் அவரைக் கொண்டுபோக அதிகாரிகளுக்கு அதிகாரம் இருந்தது.

இந்த மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1930இல், சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. இங்கே காட்டை அழித்துத் தேயிலைக் கன்று நட்ட அதே காலத்தில், அங்கே ஐந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பள்ளத்தாக்கில் ஒரு தனி ஊர் எழுந்தது. அதற்கு முன்பு கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருந்த காப்பகத்தின் அவலத்தைக் கண்ட டாக்டர் டிராவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நோயாளிகள் மனிதராக வாழ ஓர் ஊர் வேண்டும் என்று வாதாடினார். அதனால் சுங்கை பூலோவில் நீண்ட கொட்டகைகளுக்குப் பதிலாகச் சிறுசிறு வீடுகள் கட்டப்பட்டன. பள்ளிக்கூடம், தபால் நிலையம், கடைகள், பள்ளிவாசல், தேவாலயம், சீனக் கோயில், இந்துக் கோயில் எல்லாம் இருந்தன. உள்ளே புழங்குவதற்கென்று தனிப் பணத்தாள்கூட ஒரு காலத்தில் அச்சிட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்த காலம் உண்டு. அதற்கு 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று பெயர் வந்தது.

அந்த ஊரைக் கட்டியவர்களின் நல்ல மனத்தை நாம் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் அது வேலி போட்ட ஊர். உள்ளே போனவர் தாமாக வெளியே வர முடியாது. அங்கே திருமணம் செய்துகொண்டவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். சில குழந்தைகள் உறவினரிடம் போயின, சில குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டன. தன் பிள்ளை எங்கே வளர்கிறது என்று தெரியாமலே முதுமையடைந்த தாய்மார் இருந்தார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவந்த குடியிருப்பிலும் இதே பிரிவுத் துயரம்தான். அது 1969இல் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மக்களிடம் ஏற்கெனவே பயம் இருந்தது. சட்டம் வந்து அந்தப் பயத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. "அரசாங்கமே கொண்டுபோய் அடைக்கிறது என்றால் அது எவ்வளவு கொடிய நோயாக இருக்க வேண்டும்!" என்று ஊர் நினைத்தது. அதனால் நோய் வந்தவர்கள் ஒளிந்துகொண்டார்கள். ஒளிந்ததால் மருந்து தாமதமாயிற்று. தாமதத்தால் கை கால் குறைந்தது. குறைந்த கையைக் கண்டு ஊரின் பயம் இன்னும் கூடிற்று. நோயைத் தடுக்க வந்த சட்டமே நோயை மறைக்க வைத்தது.

மருந்து வந்தது

1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார். முன்வினையோ சாபமோ பரம்பரையோ காரணம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் மருந்துக்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. அவற்றுள் டாப்சோன் என்ற மாத்திரை உலகெங்கும் பரவியது.

சில ஆண்டுகளில் அந்த மாத்திரை சிலருக்குக் கேட்காமல் போயிற்று. கிருமி மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது என்பதை 1964இல் உறுதியாக நிரூபித்தது எந்த ஊர் ஆராய்ச்சி தெரியுமா? நம் சுங்கை பூலோதான். அங்கே இருந்த நோயாளிகளின் ஒத்துழைப்பால்தான் உலகம் அந்த உண்மையை அறிந்தது. அதனால் ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. ஊர் ஒதுக்கிவைத்த அந்த மனிதர்கள் உலகத்துக்கே உதவியிருக்கிறார்கள்.

இன்றைய நிலை இதுதான்:

• தொழுநோய் முழுமையாகக் குணமாகும். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட வேண்டும்.
• மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே அது மற்றவருக்குப் பரவும் தன்மையை இழந்துவிடும்.
• பெரும்பாலான மனிதர்களின் உடலுக்கு இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. சிகிச்சை பெறாத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்ற வாய்ப்பு. கை குலுக்குவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ தொற்றாது.
• கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே "இப்போது யாரிடமிருந்து ஒட்டியது?" என்று விரல் நீட்டுவதில் பொருளில்லை.

மலேசியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இருந்த நிலை 1994இல் முடிவுக்கு வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் இருந்தால் அந்த நிலை. நோய் முற்றாக ஒழிந்துவிட்டது என்று பொருளில்லை. இன்றும் புதிதாகச் சிலருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது.

மருந்து முந்திக்கொண்டது, சட்டம் பின்தங்கியது

மருந்து வந்த அன்றே சட்டம் மாறிவிடவில்லை. இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை.

ஜப்பானில் தொழுநோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் 1996 வரை நீடித்தது. நோய் குணமாகும் என்று தெரிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அது இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அரசாங்கத்தின் மீது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் மேல்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. 2019இல் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பையும் தந்தது. நோயாளியின் குடும்பத்தாரும் ஒதுக்கப்பட்டுத் துன்பப்பட்டார்கள், அவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒருவரை ஒதுக்கினால் அவர் வீடே ஒதுங்கிப்போகிறது என்பதை ஒரு நீதிமன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று திருமணச் சட்டங்களில் இருந்த பிரிவு 2019இல் எடுக்கப்பட்டது. நினைத்துப் பாருங்கள். மாத்திரையில் தீரும் ஒரு நோய்க்காகக் கட்டிய மனைவியை விட்டுவிடலாம் என்று அண்மைக் காலம் வரை சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அதே வேளையில் 2016இல் வந்த மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களையும் தன் பாதுகாப்பில் சேர்த்துக்கொண்டது.

2010ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எதிரான பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மொழிபெயர்ப்பாளரான எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது அந்தச் சொல்தான். 'தொழுநோயாளி' என்று மனிதரையே நோயின் பெயரால் அழைக்காமல், 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்றார்கள். நோய் அவரிடம் வந்து போன ஒன்று. அவர் ஒரு மனிதர். சட்டத்தில் அந்தச் சொல் மாறுவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன பாருங்கள்.

இன்று நம் நாட்டுச் சட்டம் தருவது

இப்போது நம் உரிமைகளுக்கு வருவோம். நீங்கள் சட்ட எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. 2001இல் அந்தப் பட்டியலில் பாலினமும் சேர்க்கப்பட்டது. நோயும் உடற்குறையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. மேலும், ஒரு தனியார் நிறுவனம் செய்ததற்கு இப்பிரிவைக் கொண்டு வழக்காட முடியாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் நமக்குப் பிற சட்டங்களின் துணையும் தேவைப்படுகிறது.

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி தொழுநோய், காசநோய் போன்றவற்றை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். "அறிவிக்கிறார்கள்" என்றதும் பயப்படாதீர்கள். அந்தத் தகவல் போவது சுகாதார அதிகாரிகளுக்கு. வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதித்து அவர்களைக் காப்பதற்காகத்தான் அது. உங்கள் நோயைப் பற்றிய தகவலை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. அண்டை அயலாரிடமோ கோயில் கமிட்டியிடமோ அதைச் சொல்லிக்கொண்டு திரிய யாருக்கும் உரிமை இல்லை.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம், பொது இடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை, சுகாதாரம் ஆகியவற்றில் அவர்களுக்குச் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. நோயால் கையிலோ காலிலோ கண்ணிலோ குறை ஏற்பட்டவர்கள் மருத்துவர் சான்றுடன் சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெற விண்ணப்பிக்கலாம். இச்சட்டத்தை மீறினால் இன்ன தண்டனை என்று அதில் சொல்லப்படவில்லை என்பது பலரும் சுட்டிக்காட்டும் குறை. ஆனாலும் உரிமை என்று எழுதிவைக்கப்பட்டது, கேட்பதற்கு நமக்கு ஒரு பிடி.

மனநோய்க்கு வருவோம். 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010 முதல் நடைமுறையில் உள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணியும் அளவுக்கு வேதனைப்பட்டவருக்கு வேண்டியது சிகிச்சை, சிறை இல்லை என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருந்த காலத்தில் எத்தனை வீடுகள் இந்தத் துயரத்தை மூடி மறைத்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனி மறைக்க வேண்டாம்.

தோட்டத்தில் வேலை, வீடு

தோட்டத்து மக்களுக்கு இந்தப் பாகுபாடு மற்றவர்களைவிட ஏன் அதிகம் வலிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒருவருக்கு வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். தோட்டத்தில் வேலையோடு லயத்து வீடும் சேர்ந்தது. நோய் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும் என்ற கணக்கு உங்கள் பெற்றோர் காலத்திலிருந்து மனத்தில் ஊறிக் கிடக்கிறது. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் லயத்தில் இரவு இருமினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். மறைப்பதும் கஷ்டம், சொல்வதும் கஷ்டம்.

இன்றைக்கு உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் ஹோட்டலிலும் வேலை செய்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே தகராறு வந்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் அதை விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. அதே சட்டப்படி, மருத்துவச் சான்று இருந்தால் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை விடுப்பு உண்டு. இவை முதலாளி பார்த்துக் கொடுக்கும் தயவு இல்லை. தொழிலாளியின் உரிமை.

சட்டம் போகாத இடம்

இவ்வளவும் இருந்தும் சட்டம் போகாத இடம் ஒன்று உண்டு. அது நம் அடுப்படி.

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைப்பார்கள். மருந்து முடிந்து மருத்துவர் "குணமாகிவிட்டது" என்று சொன்ன பிறகும் அந்தக் குவளை தனியாகவே தொங்கும். பேரப்பிள்ளை மடியில் ஏறப் போனால் தாய் மெல்ல இழுத்துக்கொள்வாள். யாரும் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெரியவருக்கு எல்லாம் புரியும். இதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

தனிக் குவளை நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் சாதியைக் காரணம் காட்டி இரட்டைக் குவளை வைத்த கொடுமையை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950இலேயே தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் இரண்டாவது குவளை உடனே மறைந்துவிடவில்லை. அதனால் சட்டம் வீண் என்று சொல்லலாமா? கூடாது. சட்டம் வருவதற்கு முன்பு குவளையை ஒதுக்கியவன் அதை வழக்கம் என்று பெருமையோடு சொன்னான். சட்டம் வந்த பிறகு அது குற்றம் என்று அவனுக்கே தெரியும். ஒதுக்கப்பட்டவர் காவல் நிலையத்துக்குப் போய் நின்று கேட்க முடியும். மனம் மாறும் வரை கையைப் பிடித்துத் தடுத்து வைப்பது சட்டத்தின் வேலை. மனத்தை மாற்றுவது நம் வேலை.

இங்கே நாம் நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் காத்துக் கிடந்து, கப்பலேறி வந்தார்கள். வந்து இறங்கியதும் நோய் கொண்டுவந்தவர்களாகச் சந்தேகிக்கப்பட்டுத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். இன்று அதே தேயிலைக் காட்டில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். "இவர்களால்தான் சீக்கு வருகிறது" என்று நாம் சொல்லத் தொடங்கினால், நம் தாத்தா பாட்டியைப் பற்றிச் சொன்ன அதே சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறோம். பூர்வகுடி மக்களைப் பற்றியும் அப்படித்தான். அவர்களும் பயமில்லாமல் கிளினிக்குக்கு வந்தால்தான் நமக்கும் பாதுகாப்பு. கிருமி அடையாள அட்டையைப் பார்த்து வருவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. உடலைக் கவனியுங்கள். தோலில் வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருந்து அதில் உணர்ச்சி இல்லாமல் இருந்தால், கை கால் மரத்துப் போனால், சூடு தெரியாமல் சுட்டுக்கொண்டால், ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள். நீரிழிவாலும் கால் மரத்துப் போகலாம். எதுவென்று மருத்துவர் சொல்லட்டும்.

2. தாமதிக்காதீர்கள். அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ போங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்தை 1995 முதல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு இலவசமாக வழங்கிவருகிறது.

3. உங்கள் மொழியில் கேளுங்கள். புரியவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. "தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், அந்தரங்கமான அறிகுறியைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். பிள்ளையும் பயந்து பாதியை விழுங்கிவிடும். நம்பகமான பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள்.

4. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். உடம்பு தேறியதும் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

5. பாகுபாடு நடந்தால் எழுதி வையுங்கள். எந்த நாள், எந்த நேரம், யார், என்ன சொன்னார்கள், உடன் இருந்தவர் யார் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். சட்டத்தின் முன் அந்தத் தாள்தான் பேசும்.

6. எங்கே போவது? வேலைச் சிக்கலென்றால் தொழிலாளர் இலாகா. தோட்டத் தொழிலாளர் தங்கள் சங்கத்தையும் நாடலாம். அரசாங்கச் சேவையில் பாகுபாடு என்றால் அந்த இலாகாவின் புகார்ப் பிரிவு. மனித உரிமை மீறல் என்றால் சுஹாகாம் எனப்படும் மனித உரிமை ஆணையம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் அரசாங்கச் சட்ட உதவி இலாகா. வீட்டிலேயே கொடுமை நடந்தால் தாலியான் காசே, எண் 15999. மனம் தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

7. குணமானவரின் குவளையை மற்ற குவளைகளோடு சேர்த்து வையுங்கள். இதற்கு எந்த இலாகாவும் வர வேண்டியதில்லை. இன்று மாலையே செய்யலாம்.

நிறைவாக

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊர் என்பது யார்? நாம்தானே. அதிலும் இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லும் சொல்லைத்தான் லயத்தில் மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். "அது தீரக்கூடிய நோய், போய்ப் பார்த்துவிட்டு வா, நான் துணைக்கு வருகிறேன்" என்று ஒரு பாட்டி சொன்னால், நூறு துண்டறிக்கையால் ஆகாதது ஆகிவிடும்.

சுங்கை பூலோவுக்குப் போகிறவர்கள் இன்று பூச்செடி வாங்கத்தான் போகிறார்கள். அந்தப் பூந்தோட்டங்களுக்கு விதை போட்டவர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்த மனிதர்கள். அவர்கள் வாழ்ந்த வீடுகளில் ஒரு பகுதி 2007இல் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியைப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கப் பலர் பாடுபட்டுவருகிறார்கள். அடுத்த முறை யாராவது அங்கிருந்து ஒரு ரோஜாச் செடி கொண்டுவந்தால், அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சட்டம் ஒரு காலத்தில் தவறு செய்தது, பிறகு திருந்தியது, நாமும் திருந்தலாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி இருந்தால் கூட்டம் முடிந்ததும் தாதியரிடமோ என்னிடமோ தயங்காமல் கேளுங்கள். எல்லார் முன்னிலும் கேட்க விருப்பமில்லை என்றால் தனியாக வந்து கேளுங்கள். நீங்கள் சொல்வது எங்களோடு இருக்கும்.